வெள்ளைக்காரன் கை இல்லாத எஞ்சின்

கடமலைக்குண்டில் என் மாமனார் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் பெஞ்சும் கோரைப்பாயும். நான் மூத்த மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் நான் போனவுடன் அந்த நாற்காலியைத் துண்டால் தட்டி, "உக்காருங்க மாப்பிள்ள" என்று எடுத்துப் போடுவார் மாமனார். பிறகு இளைய மகளை, வெள்ளைக்கார எஞ்சின் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தவனுக்குக் கட்டிக் கொடுத்தார். அவன் வந்த முதல் பொங்கலுக்கே நாற்காலி அவனுக்குப் போய்விட்டது. எனக்குப் பெஞ்சு. பெஞ்சிலும் வெறுமே உட்கார விடவில்லை. "மாப்பிள்ள, சித்த இருங்க" என்று உள்ளே போய் ஒரு நெல் சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். என் வேட்டியில் எஞ்சின் எண்ணெய் இருக்கும், பெஞ்சில் ஒட்டிவிடும் என்று பயம்.

சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு நாற்காலியில் இருந்த என் சகலையைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயசு குறைந்தவன். காக்கி கால்சட்டை, தலையில் தக்கைத் தொப்பி, வாசலில் கம்பெனி கொடுத்த மோட்டார் சைக்கிள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்த வண்டியைச் சுற்றி நின்றன. மாமனார் தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"எங்க சின்ன மாப்பிள்ள. தொரைகிட்ட நேருக்கு நேரா இங்கிலீசு பேசுவாக."

"பெரிய மாப்பிள்ள என்ன பண்றாக?" என்று ஒருவர் கேட்டார்.

"அவுகளா? அவுக பட்டற வச்சிருக்காக" என்றார் மாமனார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

என் பட்டறை கம்பம் ரோட்டில், உத்தமபாளையம் தாண்டி எங்கள் ஊர் எல்லையில் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வருஷக்கணக்கில் மண்ணச்சுப் போட்டு, இரும்பு காய்ச்சி ஊற்றி, எஞ்சின் பூட்டக் கற்றுக்கொண்டு வந்து வைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் நெல் அரைக்கிற எஞ்சின், கரும்பு ஆட்டுகிற எஞ்சின், கிணற்றுக்குப் பம்பு என்று எது நின்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் புது எஞ்சின் வாங்குவது மட்டும் என் சகலையிடம். நான் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி அழுக்காகிறவன். அவன் தொப்பியைக் கழற்றாமல் விற்கிறவன். யாருக்கு நாற்காலி என்று கேட்க வேண்டுமா?

அன்றைக்கு ஊர் திரும்பும்போது வண்டியில் என் பெண்சாதி சொன்னாள்: "எதுக்கு இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? அவுக பாட்டுக்கு உக்காந்திருந்தாக. ஒங்கள என்ன செஞ்சாக?"

அதுதான். அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமலேயே என்னைச் சாக்கில் உட்கார வைத்துவிட்டான்.

அடுத்த வருஷம் தேனியில் ஒரு பருத்தி அரைவை ஆலையில் எஞ்சின் நின்றுபோனது. பருத்திச் சீசன். ஆலைக்காரர் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். வெள்ளைக்காரக் கம்பெனி எஞ்சின். எண்ணெய் பீய்ச்சுகிற பம்பின்மேல் கம்பி சுற்றி, அதன் முடிச்சில் ஈய முத்திரை அடித்திருந்தது. கம்பெனி ஆள் தவிர வேறு யாராவது முத்திரையை உடைத்தால், அந்த எஞ்சினுக்கு அப்புறம் கம்பெனி சாமானும் தராது, ஆளும் அனுப்பாது. விற்கும்போதே அப்படி ஒப்பந்தம்.

"ஒடைச்சுத் தொறந்து பாத்துருவோமா?" என்றேன்.

ஆலைக்காரர் பதறிப்போனார். "ஐயையோ, வேணாம்ப்பா. நாளைக்கு ஒரு சாமான் வேணும்னா நான் எங்கன போவேன்? ஒஞ் சகலைக்குத் தந்தி குடுத்திருக்கு. வந்துருவாக."

அவன் வரவில்லை. அவன் வேறு எங்கோ கம்பெனி வேலையாய் அலைந்துகொண்டிருந்தான். வாசலில் பருத்தி வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகள் சாணி போட்டுக்கொண்டு, வண்டிக்காரர்கள் பீடி குடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஒரு மழை வேறு பெய்தது. மூடி வைக்காத பொதிகள் நனைந்து மஞ்சளாயின. சொந்தக்காரச் சம்சாரிகள் ஆலைக்காரரைத் திட்டினார்கள், ஆலைக்காரர் என்னைத் திட்டினார். சுண்டைக்காய் அளவு ஈயத்தின் முன்னால் இத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

கடைசியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. என் சகலை இறங்கினான். தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்தான். "அண்ணே, சித்தப் பிடிங்க." குறடு ஒன்றை எடுத்து முத்திரையை நறுக்கினான். உள்ளே ஏதோ ஒரு சுருள்கம்பியை மாற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கையோடு கொண்டுவந்த கருவியால் புது ஈயத்தை நசுக்கி முத்திரை வைத்தான். வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஆலைக்காரர் அவனுக்குத் தலைவாழை இலை போட்டுக் கறிச்சோறு போட்டார். பக்கத்து இலை எனக்கு. அவன் இலையில் வைத்துவிட்டு மிஞ்சிய கறி என் இலைக்கு வந்தது. நான் அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை, யாரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பொறாமை வயிற்றில் இருக்கிறது என்பார்கள். எனக்கு அது கையில் இருந்தது. குறடு பிடிக்க விடாத கையில்.

எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் கிடையாது. ஆற்றிலிருந்து பெண்கள் சுமந்து வருவதுதான். வெயில் காலத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிறைக்க வேண்டும். கதர்க்காரர்கள் பஞ்சாயத்துப் போர்டில் ஜெயித்து வந்ததும் முதல் வேலையாக ஆற்றங்கரையில் கிணறு வெட்டி, எஞ்சின் வைத்து, மேட்டில் தொட்டி கட்டி, தெருத் தெருவுக்குக் குழாய் போடுவது என்று முடிவானது. சர்க்கார் மானியம் வந்தது. எஞ்சினுக்கும் பம்புக்கும் டெண்டர் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் கெட்டது. இது கிடைத்தால் ஊர் நடுவில் என் எஞ்சின் நிற்கும். மாமனார் வந்து பார்த்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் என் ஊரிலேயே, என் பெண்சாதி குடத்தில் பிடிக்கிற தண்ணீரே என் சகலை எஞ்சின் இறைத்த தண்ணீராக இருக்கும். அதைக் குடித்து நான் உயிர் வாழ முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

போர்டுக் கூட்டத்துக்குப் போனேன். பேச அனுமதி கேட்டேன். பிரசிடெண்டு வாழைத்தோட்டக்காரர், கதர் வேட்டி, நிதானமான மனிதர். "சொல்லுப்பா" என்றார்.

"நீங்க எல்லாம் கதர் கட்டி இருக்கீக. அன்னியத் துணிய எரிச்சீக. ஊருக்கே குடிக்கிற தண்ணிய வெள்ளக்காரன் எஞ்சின்ல எறைக்கப் போறீகளா? அவன் பம்புல ஈய முத்திர வச்சிருக்கான். ரிப்பேருன்னா அவன் வந்து தொறக்கணும். பருத்தி காஞ்சா பரவால்ல, நனைஞ்சா வெலை கொறையும். தண்ணி நின்னா? ஊரே தொண்ட காஞ்சு நிக்கணும், தொர வர்ற வரைக்கும். வெள்ளக்காரன் பணமும் அதிகாரமும் இல்லாத கம்பெனிக்குத்தான் டெண்டர்னு தீர்மானம் போடுங்க."

மெம்பர்களில் ஒருவர் உத்தமபாளையத்திலும் கடை வைத்திருந்த ராவுத்தர், அரிசி வியாபாரி, நறுக்கென்று பேசுகிறவர். அவர்தான் கேட்டார்.

"நல்ல பேச்சு. இந்தப் பேச்சு நாட்டுக்காகவா, சகலைக்காகவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரசிடெண்டுகூடச் சிரித்தார்.

"ரெண்டுக்கும்தான்" என்றேன். "ஆனா சகல இல்லாட்டியும் இதத்தான் சொல்லுவேன்."

"சொல்லுவ. இம்புட்டுச் சத்தமாச் சொல்ல மாட்ட" என்றார் ராவுத்தர்.

அவர் சொன்னது சரி. ஆனாலும் நான் சொன்னதும் சரிதான். இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வயிற்றெரிச்சலில் சொன்னால் நியாயம் அநியாயம் ஆகிவிடாது. சர்க்கார் பணத்தில், ஊர்ப் பணத்தில் வாங்குகிற எந்திரத்தின் சாவி ஊர்க்காரன் கையில் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள இங்கிலீசு தேவையில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எனக்கு மாமனார் வீட்டு நாற்காலி கண்முன்னால் வந்தது. கோயம்புத்தூர் பட்டறை முதலாளியிடம் நேரில் போய்ப் பேசி, அவர்கள் சொந்தமாக வார்த்துப் பூட்டுகிற எஞ்சினுக்கு டெண்டர் போட்டேன். வேறு யாரும் போடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெண்டர் பிரிக்கிற அன்றைக்கு என் சகலை வந்தான். தொப்பியைக் காணோம். தலையில் கதர்க் குல்லாய். கூட்டத்தில் ஒருத்தன் விசில் அடித்தான்.

அவன் போட்டிருந்த டெண்டர் பழைய கம்பெனி பேரில் இல்லை. மதுரையில் புதிதாக ஒரு கம்பெனி. பேரிலேயே 'சுதேசி' என்று இருந்தது. தலைவர் ஒரு பெரிய ஜமீன் குடும்பத்துக்காரர். டைரக்டர்கள் எல்லாம் நம்மவர்கள். சர்க்காரில் பதிவான பத்திரம் கையில். விலையும் என் விலையைவிடக் கம்மி. எஞ்சின் மட்டும் அதே எஞ்சின். பெயர்த்தகட்டை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"இது அதே வெள்ளக்காரன் கம்பெனிதான்! சட்டையத்தான் மாத்திக்கிட்டு வந்திருக்கு!" என்று கத்தினேன்.

பிரசிடெண்டு பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயிதத்துல வெள்ளக்காரன் பேரு ஒண்ணும் இல்லையேப்பா. எதச் சொல்லித் தள்ளுறது?"

"காயிதத்துல இருக்காது. துட்டு எங்கன போகுதுன்னு பாருங்க."

"மதுரையில போயி அவன் பெட்டியத் தொறந்து பாக்கச் சொல்றியா?"

நான் என் சகலையைப் பார்த்தேன். குல்லாய் அவனுக்குச் சின்னதாக இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். அந்த நிலையிலும் எனக்கு அவன்மேல் எரிச்சல்தான். குல்லாய் போட்டாலும் பார்க்க நன்றாக இருக்கிறானே என்று.

எங்கள் பக்கம் வழக்கு ஒரு முடிவுக்கு வராவிட்டால் ஒரே வழிதான். கருப்பசாமி கோயிலில் சூடம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் அவன் வீட்டுப் பிள்ளைகளைக் கருப்பன் கேட்பான். வரப்புச் சண்டை, ஆடு திருட்டு எல்லாம் அங்கேதான் தீரும். கோர்ட்டுக்குப் போகிறவன்கூட முதலில் அங்கே போய்விட்டுத்தான் வக்கீல் வீட்டுக்குப் போவான். ஆகவே பிரசிடெண்டு அதைச் சொன்னபோது யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. சர்க்கார் டெண்டரைச் சாமி முன்னால் பிரிப்பதாவது என்று இப்போது கேட்கிறவர்கள் கேட்கலாம். எங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபீஸ் அப்போது தெரியாது.

"ரெண்டு பேரும் வந்து சூடம் அணைங்க. 'எங் கம்பெனியில வெள்ளக்காரன் பணமும் இல்ல, அதிகாரமும் இல்ல'ன்னு சொல்லி அணைங்க. அணைச்சவனுக்கு டெண்டர். ரெண்டு பேரும் அணைச்சா வெல கொறஞ்சவனுக்கு" என்றார் பிரசிடெண்டு.

ராவுத்தர் கையைத் தூக்கினார். "நான் சூடத்துக்கு வரமாட்டேன், வெளியில சாட்சிக்கு நிக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். சத்தியம் பொய்யானா கருப்பன் யாரப் பிடிப்பாரு? கம்பெனிக்குப் பிள்ள குட்டி உண்டா?"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை சீக்கிரம் நின்றுவிட்டது.

"கம்பெனிக்குக் கிடையாது. அதனாலதான் அம்புட்டுத் தைரியம் அதுக்கு" என்றார் பிரசிடெண்டு. "யாரு வந்து டெண்டர் போட்டாகளோ அவுகதான் அணைக்கணும். அவுகளுக்குப் பிள்ள குட்டி இருக்குல்ல?"

என் சகலைக்குக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. பொம்பளைப் பிள்ளை. என் கொழுந்தியா பல வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்றது.

சேதி கடமலைக்குண்டுக்குப் போய், மாமனார் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு மகள்களும் வந்தார்கள். கோயில் திடலில் ஊரே நின்றது. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

என் சகலை கம்பெனியைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்கும்போது சொன்னான். "தொரைகிட்டச் சொன்னேண்ணே. அவரு சிரிச்சாரு. சூடம்தான, அணைச்சுட்டு வா, கை சுட்டா மருந்துக்குக் கம்பெனி தரும்னாரு."

"நீ என்ன செய்யப் போற?"

"தெரியலண்ணே."

முதலில் நான் போனேன். வழக்கைக் கிளப்பியவன்தான் முதலில் செய்ய வேண்டும், அது வழக்கம். தட்டில் சூடம் எரிந்தது. கோயம்புத்தூர் முதலாளியை எனக்குத் தெரியும். மண்ணச்சுக்குப் பக்கத்திலேயே தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சோற்றைத் தின்கிறவர். அவர் கம்பெனியில் அவர் சொன்னதுதான் சட்டம். வெள்ளைக்காரன் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை என்று உரக்கச் சொல்லி உள்ளங்கையால் அடித்தேன். சுட்டது. வலியைக் காட்டவில்லை. மாமனார் பார்க்கிறாரா என்று பார்த்தேன். அவர் சின்ன மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி புதுச் சூடம் வைத்து ஏற்றினார். என் சகலை குல்லாயைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான். சட்டையைக் கழற்றினான். தட்டுக்கு முன்னால் போய் நின்றான். கை தூக்கினான். கையைத் தூக்கியபடியே நின்றான்.

என் கொழுந்தியா குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண்டாட்டி தடுத்ததால் நின்றான் என்று நான் பிறகு ஊரெல்லாம் பேசியிருப்பேன். அந்த வசதியும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவன் கையை இறக்கினான். பிரசிடெண்டு பக்கம் திரும்பினான்.

"இத நான் சொல்ல முடியாதுங்கய்யா. மேல கையெழுத்துப் போடுறது நம்மாளு. எதுல போடணும்னு சொல்றது தொர. எங்கண்ணால பாத்திருக்கேன். லாபம் கப்பல்ல போகுது. காயிதத்துல இல்லங்கிறதுக்காகச் சாமி முன்னாடி இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சூடம் தானாக எரிந்து அணைந்தது.

நான் ஜெயித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கூட்டம் என் பக்கம் வரவில்லை. எல்லோரும் அவனிடம் போனார்கள். பிரசிடெண்டு அவன் தோளில் கை வைத்தார். வெளியில் நின்ற ராவுத்தர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளப்பா நீ" என்றார். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க சின்ன மாப்பிள்ள" என்று யாரிடமோ ஆரம்பித்துவிட்டார். பூசாரிகூட அவனுக்குத்தான் இரண்டு தடவை திருநீறு பூசினார். உண்மையைச் சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். உண்மையைச் சொல்லிக் கை சுடாமல் வந்தவனுக்குத்தான் மரியாதை. என் பெண்சாதி மட்டும் என் கையில் வெண்ணெய் தடவினாள். அதிலும் பாதிப் பேச்சு தங்கச்சி புருஷனைப் பற்றி.

"இனி அவுகளுக்கு வேல இருக்காதே, பாவம்" என்றாள்.

இருக்கவில்லை. கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. மோட்டார் சைக்கிளையும் வாங்கிக்கொண்டது. தேனி பஜாரில் சின்னதாக ஒரு வாடகைச் சைக்கிள் கடை வைத்தான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் இருக்கவும் செய்தது.

எஞ்சின் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது. ஆற்றங்கரையில் ஷெட்டு போட்டு, கான்கிரீட்டில் போல்ட்டு வைத்து நானே இறக்கினேன். எந்த இடத்திலும் ஈய முத்திரை இல்லை. பிரித்துப் பூட்டத் தெரிந்த எவனும் பிரித்துப் பூட்டலாம். போர்டு ஆள் ஒருவனுக்கு அதைச் சொல்லியும் கொடுத்தேன். நான் செத்தாலும் தண்ணீர் நிற்கக்கூடாது. அந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

எஞ்சினை ஓட்டுகிற நாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சேவல் அறுத்துப் பொங்கல் வைத்தார்கள். மாமனாருக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். நான் கேட்டுக்கொண்டபடி பிரசிடெண்டு அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார். என் பெண்சாதி தங்கச்சி குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் அவன்தான் எனக்கு முக்கியமாக வர வேண்டும். மாமனார் பார்ப்பதைவிட அவன் பார்க்க வேண்டும். நான் சாக்கில் உட்கார்ந்து பார்த்ததுபோல அவன் நின்று பார்க்க வேண்டும்.

அவன் தேனியிலிருந்து ஒரு பழைய சைக்கிளில் பெண்டாட்டி பிள்ளையை வைத்து மிதித்துக்கொண்டே வந்தான். வேட்டி, துண்டு. வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஷெட்டுக்குள் வந்தான். கைப்பிடியை நான் சுற்றினேன். இரண்டு முறை முக்கி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. புகை வந்து, சத்தம் ஒழுங்காயிற்று. கூட்டம் ஓவென்றது. என் கழுத்தில் மாலை விழுந்தது. உடனே அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எண்ணெய் பம்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். என் காதருகில் வந்தான்.

"அண்ணே, இந்தப் பம்பு மட்டும் எங்க பழைய கம்பெனி சாமான். கோயம்புத்தூர்ல இத இன்னும் வார்க்க வரல. போன வருசம் நாந்தான் பார்சல் போட்டு அனுப்புனேன்."

நான் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "இத அன்னிக்கே கோயில்ல சொல்லி இருக்கலாம்ல? என் டெண்டரும் போயிருக்கும்."

"அதெப்படிண்ணே போகும்? சந்தையில காசு குடுத்து வாங்குன சாமான். கெட்டுப்போனா வேற எவங்கிட்டயும் வாங்கிப் போட்டுக்கலாம். அதுக்கும் முத்திரைக்கும் என்ன சம்பந்தம்? சொன்னா சும்மா ஊரு கொழம்பும். அதான் சொல்லல."

நான் சொல்ல வேண்டிய பதில் அது. நான் போர்டில் தொண்டை கிழியக் கத்திய நியாயம் அது. அதை என்னைவிடத் தெளிவாக, சத்தம் போடாமல் அவன் சொல்லிவிட்டுப் போனான்.

மேட்டுத் தொட்டி நிறைந்து குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு குடம் வைத்தார்கள். என் பெண்சாதிக்கு இடம் கிடைக்கவில்லை. என் சகலை அவள் குடத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். ஆம்பளை குடம் தூக்கி நிற்பதைப் பார்த்து ஒரு கிழவி, "ஏடி, இது எந்த ஊருப் பொம்பளடி?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். முறை வந்ததும் முதலில் கையைக் குவித்துக் குடித்தான். பிள்ளைக்கும் முகம் கழுவிவிட்டான்.

"நல்ல தண்ணிண்ணே!" என்று அங்கிருந்தே கூவினான். "ஒங்க தண்ணி!"

மாலையோடு நான் அவனிடம் நடந்து போனேன். குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கீறல், ஒரு கசப்பு, ஒரு சின்னச் சுளிப்பு, எங்காவது இருக்கும் என்று தேடினேன். அந்த நாற்காலியையும் தொப்பியையும் மோட்டார் சைக்கிளையும் நான் வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வெந்ததில் நூறில் ஒரு பங்கு இருந்தால்கூடப் போதும், எனக்கு மனசு ஆறிவிடும்.

"நெசமாச் சொல்லு" என்றேன். "எம்மேல ஒனக்கு வயித்தெரிச்சல் இல்லையா?"

அவன் குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

"எதுக்குண்ணே?" என்றான்.

தண்ணீர் சிந்தாமல் என் வீட்டுப் பக்கம் நடந்து போனான். பின்னாலேயே மாமனார், "மெதுவா மாப்பிள்ள, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஷெட்டுக்குத் திரும்பினேன். எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. மாலையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, எண்ணெய்க் கேனை எடுத்து, தேவையே இல்லாத இடங்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன்.